1896இலிருந்து எண்ணினால் போதும்

பார்க்காமலேயே மனப்பாடம் செய்த ஊர் மலாக்கா. மலேசியாவில் இடைநிலைப்பள்ளிக்குப் போன யாருக்கும் இது பொருந்தும். பரமேஸ்வரா ஒரு மரத்தடியில் உட்கார்ந்திருக்கிறார். சருகுமான் ஒன்று வேட்டைநாயை உதைத்து ஆற்றில் தள்ளுகிறது. மரத்தின் பெயரைக் கேட்கிறார், மலாக்கா என்கிறார்கள், ஊருக்கும் அதே பெயர். அப்புறம் 1511இல் போர்த்துகீசியர், 1641இல் டச்சுக்காரர், 1824இல் ஆங்கிலேயர். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் இந்த மூன்று எண்களைச் சொல்லிவிடுவேன்.

ஆனால் ஊரைப் பார்த்தது கிடையாது. கெடாவில் நாங்கள் இருந்த ரப்பர் தோட்டத்துக்கும் மலாக்காவுக்கும் நடுவில் ஏறக்குறைய ஐந்நூறு கிலோமீட்டர். ஐந்தாம் ஆண்டு படிக்கும்போது பள்ளியில் சுற்றுலா போட்டார்கள். கட்டணம் 60 வெள்ளி. அம்மா இரண்டு நாள் யோசித்துவிட்டு, "படத்துல பாத்துக்கலாம்யா" என்றார். புத்தகத்தில் இருந்த படம் தபால்தலை அளவு. கறுப்பு வெள்ளையில் ஒரு கல்வாசல், அவ்வளவுதான்.

போன வருடம் மூன்று நாள் விடுமுறை சேர்ந்தாற்போல் கிடைத்தது. முப்பத்து நான்கு வயதில் இரவு பஸ் பிடித்தேன். மலாக்கா சென்ட்ரலில் இறங்கியபோது விடிந்துகொண்டிருந்தது. உடன் வேலை செய்யும் நண்பனின் அண்ணன் இங்கேதான் இருக்கிறார். ஜாசின் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர், இப்போது டவுனில் வாடகைக் கார் ஓட்டுகிறார். போன் போட்டேன். "தம்பி, மூணு மணி வரைக்கும் எனக்கு ஓட்டம் இருக்கு. அதுக்குள்ள நீங்க டவுன பாத்து முடிச்சிருங்க. பெருசா ஒண்ணும் இல்ல, எல்லாம் நடக்கிற தூரந்தான்" என்றார்.

அவர் சொன்னது உண்மை. மலாக்காவின் ஐந்நூறு வருடத்தை அரை நாளில் நடந்து முடித்துவிடலாம்.

டவுன் பஸ் சிவப்புக் கட்டடங்களின் முன் இறக்கிவிட்டது. ஸ்டாட்ஹுய்ஸ் எனும் டச்சு ஆளுநர் மாளிகை, பக்கத்தில் 1753இல் கட்டி முடித்த கிறிஸ்து தேவாலயம். காலண்டரிலும் பிஸ்கட் டின்னிலும் பார்த்துப் பழகிய அந்தச் சிவப்பு, டச்சுக்காரர்கள் பூசியது இல்லை. ஆங்கிலேயர் காலத்தில் வந்த நிறம். 'டச்சுச் சதுக்கம்' என்று எல்லாரும் படம் பிடித்துக்கொள்வது ஆங்கிலேயன் அடித்த பெயின்ட்டைத்தான் என்பது எனக்குப் பிடித்திருந்தது.

சதுக்கம் முழுக்க மூன்று சக்கர பெச்சாக்கள். பிளாஸ்டிக் பூக்கள், பூனை பொம்மைகள், பெட்டி பெட்டியாக ஸ்பீக்கர். ஒரு பெச்சாக்காரர் என்னைப் பார்த்ததும் ஓடிக்கொண்டிருந்த மலாய்ப் பாட்டை நிறுத்திவிட்டு ஒரு தமிழ் சினிமாப் பாட்டைப் போட்டார். "டாரி மானா? இந்தியா?" என்று கேட்டார். எங்கிருந்து வருகிறாய், இந்தியாவா?

"புக்கான். கெடா." இல்லை, கெடா.

அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றம். கெடாக்காரன் பெச்சாவில் ஏறமாட்டான் என்று அவருக்குத் தெரியும். ஆனாலும் பாட்டை நிறுத்தவில்லை. அந்தப் பாட்டோடே சதுக்கத்தைக் கடந்து மலையேறினேன்.

மலை என்றால் சின்னக் குன்று. உச்சியில் செயின்ட் பால் தேவாலயம், கூரை இல்லாமல் நான்கு சுவராக நிற்கிறது. உள்ளே சாய்த்து வைத்த பெரிய பெரிய கல்லறைக் கற்கள், அவற்றில் கப்பலும் மண்டையோடும் செதுக்கியிருக்கிறார்கள். தரையில் கம்பி வலை போட்ட ஒரு வெற்றுக் குழி. பிரான்சிஸ் சேவியரின் உடலை 1553இல் சில மாதங்கள் இங்கே வைத்திருந்துவிட்டு கோவாவுக்குக் கொண்டுபோனார்கள். முத்துக்குளித்துறைப் பரதவர்கள் நடுவே வேலை செய்துவிட்டு மலாக்கா வந்தவர் அவர். அந்தக் குழியைச் சுற்றி நின்று சில்லறைக் காசு போட்டுக்கொண்டிருந்த சீனக் குடும்பம் ஒன்று எனக்கும் நகர்ந்து இடம் கொடுத்தது.

இந்தத் தேவாலயத்தின் தொடக்கம் 1521இல் துவார்த்தே கொயலோ என்ற போர்த்துகீசியக் கப்பல் தலைவன் கட்டிய ஒரு சிறு கோயில். சீனக் கடலில் புயலில் தப்பியதற்கு வேண்டுதல். நம் ஊர் வழக்கம் மாதிரியேதான். இதே ஆள் பிறகு அட்லாண்டிக் கடலைக் கடந்து தென்னமெரிக்காவுக்குப் போய், பிரேசிலின் பெர்னம்புக்கோ பகுதிக்கு முதல் ஆட்சியாளன் ஆனான். ஓலிந்தா நகரம் அவன் உண்டாக்கியது. மலாக்காவுக்கும் பிரேசிலுக்கும் ஒரே ஆளின் கால் பட்டிருக்கிறது என்பதை அந்தக் குன்றின் மேல் நின்று யோசித்தால் கொஞ்சம் தலை சுற்றும். இந்த இரண்டு இடத்துக்கும் நடுவில் இன்னொரு பயணமும் உண்டு, முந்நூற்றைம்பது வருடம் கழித்து, எதிர்த் திசையில். அதற்குப் பிறகு வருகிறேன்.

அடிவாரத்தில் அந்தக் கல்வாசல். சந்தியாகோ வாசல். அம்மா படத்தில் பார்த்துக்கொள்ளச் சொன்னது. கோட்டை முழுவதிலும் மிஞ்சியது இவ்வளவே. மலாக்காவைப் பிடித்தபின் அல்புகர்க் கோட்டை கட்டத் தொடங்கியபோது பள்ளிவாசல்களிலிருந்தும் அரச கல்லறைகளிலிருந்தும் கல்லைப் பெயர்த்து எடுத்தார்கள். சுமந்தவர்கள் சுல்தானுக்கு அடிமைகளாக இருந்தவர்கள். ஆட்சி மாறியது, அவர்களுக்கு முதலாளி மட்டும் மாறினார். 1807இல் ஆங்கிலேயர் வெடி வைத்து இந்தக் கோட்டையைத் தகர்த்தார்கள். சின்னப் பையனாக இருந்து அதைப் பார்த்த ஒருவர் பின்னாளில் எழுதி வைத்தார். முன்ஷி அப்துல்லா. நவீன மலாய் எழுத்தின் தொடக்கம் என்று பள்ளியில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர், மலாக்காவின் கம்போங் பாலியில் பிறந்தவர். அவர் முன்னோர்களில் அரபுக்காரரும் உண்டு, தமிழரும் உண்டு.

'ஹிக்காயாட் அப்துல்லா' என்ற அவருடைய தன்வரலாற்றில் ஒரு தகவல் வருகிறது. பள்ளியில் இதை எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. மலாய், அரபு படிப்பதற்கு நடுவே அப்பா அவரைத் தமிழ் படிக்க அனுப்புகிறார். இரண்டரை வருடம். காரணம் பக்தியோ பாசமோ இல்லை, கணக்கு வழக்கு. மலாக்காவில் வசதியான வீட்டுப் பிள்ளைகள் தமிழ் படிப்பது பழைய வழக்கம், ஏனென்றால் வியாபாரத்துக்கு அது வேண்டும். பிழைப்புக்காகப் பிறர் வந்து படிக்கும் மொழியாகத் தமிழ் இருந்த ஓர் ஊர் இந்த நாட்டில் இருந்திருக்கிறது. "தமிழ் படிச்சா என்ன வேலை கெடைக்கும்?" என்று கேட்டுக் கேட்டே வளர்ந்த எங்கள் தலைமுறைக்கு இது விநோதமான செய்தி.

ஆற்றைக் கடந்தால் அந்த ஊரின் மிச்சம் இருக்கிறது. ஜோங்கர் தெருவின் கூட்டத்திலிருந்து விலகி இரண்டு சந்து உள்ளே போனால் துக்காங் எமாஸ் தெரு, அதாவது பொற்கொல்லர் தெரு. ஒரு பள்ளிவாசலும் ஒரு பிள்ளையார் கோயிலும் அடுத்தடுத்து. தெருவின் தொடர்ச்சியில் செங் ஹூன் தெங் சீனக் கோயில். மூன்றுமே பழையவை, இன்றும் வழிபாடு நடப்பவை. 2008 ஜூலையில் யுனெஸ்கோ மலாக்காவை உலக மரபு நகரமாக அறிவித்தபிறகு வெளியூர்க் கூட்டம் கூடிவிட்டது என்று கோயில் வாசலில் செருப்பு பார்த்துக்கொள்ளும் அம்மா சொன்னார்.

பள்ளிவாசலின் முன்னால் கொஞ்ச நேரம் நின்றேன். குவிமாடம் இல்லை. அடுக்கடுக்கான கூரை, சீனக் கோபுரம் மாதிரி ஒரு மினாரா. 1748இல் இந்திய முஸ்லிம் வணிகர்கள் மரத்தில் கட்டி, 1872இல் செங்கல்லில் எடுத்துக் கட்டியது. பெயர்ப் பலகையில் 'கம்போங் கெலிங் பள்ளிவாசல்' என்று இருந்தது.

மலேசியத் தமிழனுக்கு அந்தச் சொல்லை எழுத்தில் பார்த்ததும் உடம்பு ஒரு நொடி விறைக்கும். கலிங்கத்திலிருந்து வந்த பெயர் என்பார்கள். ஒரு காலத்தில் இந்தியக் கரையிலிருந்து வந்தவர்களைக் குறித்த சாதாரணச் சொல். பழைய மலாய் நூல்களிலும் போர்த்துகீசியர் குறிப்புகளிலும் அப்படித்தான் வருகிறது. எனக்கு அது பள்ளி மைதானத்தில், பந்து பறிக்கும்போது, முதுகுக்குப் பின்னால் கேட்ட சொல். கப்பல் முதலாளியைக் குறித்த அதே வார்த்தை எப்போது மைதானத்து வசவாக மாறியது? கூலிகள் வந்த பிறகுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. எங்கள் தாத்தாக்கள் கப்பலின் மேல்தட்டில் விரித்துப் படுத்துக்கொண்டு வந்து இறங்கிய பிறகு. சொல் அப்படியேதான் இருந்தது, அதைத் தூக்கித் திரிந்தவர்களின் சட்டைதான் மாறியது.

பக்கத்தில் பொய்யாத விநாயகர் கோயில். 1781ஆம் ஆண்டினது. நிலம் டச்சு அரசு கொடுத்தது, வாங்கிக் கட்டியவர் மலாக்காச் செட்டிகளின் தலைவர் தெய்வநாயகம் செட்டி. இன்று நிர்வாகம் நாட்டுக்கோட்டைச் செட்டியார்களிடம் இருக்கிறது. செட்டி வேறு, செட்டியார் வேறு. வெளியூர்க்காரனுக்கு இது புரிய நேரம் ஆகும். செட்டியார்கள் வட்டித் தொழிலுக்காக ஆங்கிலேயர் காலத்தில் வந்தவர்கள். செட்டிகள் சுல்தான் காலத்திலிருந்தே இருக்கும் வணிகர்களின் வழி, உள்ளூர்ப் பெண்களை மணந்து இங்கேயே கலந்துவிட்டவர்கள்.

அவர்களின் கிராமம் காஜா பெராங் பகுதியில் இருக்கிறது. வெயில் உச்சியில் இருந்தபோது நடந்தே போய்ச் சேர்ந்தேன். வாசலில் மாவிலைத் தோரணம் கட்டிய சிறு வீடுகள். 1822இல் கட்டிய முத்துமாரியம்மன் கோயில். அந்த அம்மனுக்கு எடுக்கும் திருவிழாவை இவர்கள் 'டத்தோ சாச்சார்' என்கிறார்கள். சாச்சார் என்றால் மலாயில் அம்மை நோய். மாரியம்மா என்ற பெயரை அர்த்தத்தோடு மலாயில் மாற்றி வைத்துக்கொண்டு, தீர்த்தம், காவடி, பலகாரம் ஒன்றையும் விடாமல் செய்கிறார்கள். தை பிறப்பதற்கு முதல் நாள் போகியன்று முன்னோருக்கு வாழையிலையில் படையல் போடுவதும் உண்டு. பேசுவது மட்டும் மலாய். கோயிலில் கும்பிடுவதும் வீட்டில் சண்டை போடுவதும் அந்த மொழியில்தான்.

கெபாயா அணிந்த ஒரு மூதாட்டி வாசலில் உட்கார்ந்து பூத் தொடுத்துக்கொண்டிருந்தார். "மாசோக், மாசோக்" என்று உள்ளே கூப்பிட்டார். நான் தமிழில் வணக்கம் சொன்னேன். அவர் கைகூப்பி 'வணக்கம்' என்றார். அதற்குமேல் தமிழ் ஓடவில்லை, மலாய்க்கு மாறிக்கொண்டோம். எனக்கு எழுத்து வாசிக்க வருமா என்று கேட்டார். வரும் என்றதும் எழுந்துபோய் ஒரு பித்தளைத் தாம்பாளத்தை எடுத்து வந்தார். மாமியார் வீட்டிலிருந்து வந்ததாம். விளிம்பில் புள்ளி புள்ளியாகக் குத்திய இரண்டு எழுத்துகள். நம் பாத்திரங்களில் பேர் வெட்டுவது மாதிரி.

"மு. சி." என்று வாசித்தேன்.

அவர் அதைத் திருப்பிச் சொல்லிப் பார்த்தார். விரல் விட்டுத் தன் பக்கத்துப் பெரியவர்கள், கணவர் பக்கத்துப் பெரியவர்கள் என்று பெயர்களை ஒவ்வொன்றாக எண்ணினார். எதுவும் சரியாகப் பொருந்தவில்லை. "பரவாயில்லை, யாரோ ஒருவர்" என்று சொல்லிச் சிரித்துவிட்டு, கூஏ பலகாரம் இரண்டைத் தட்டில் வைத்து என் பக்கம் தள்ளினார். நீ எத்தனையாவது தலைமுறை என்று கேட்டார். மூன்றாவது என்றேன். "புதுசு" என்றார், அன்பாகத்தான்.

அவர் கணக்குப்படி அது சரி. அவர்களுக்கு ஐந்நூறு வருடம். மொழியைக் கொடுத்துவிட்டுச் சாமியை வைத்துக்கொண்டவர்கள் அவர்கள். எங்களுக்கு நூறு சொச்சம். மொழியையும் சாமியையும் சேர்த்தே வைத்திருக்கிறோம், ஆனால் 'எப்போது வந்தீர்கள்' என்ற கேள்வி மட்டும் எங்களை விடுவதில்லை.

மூன்று மணிக்கு அண்ணன் காரோடு வந்தார். "எல்லாத்தையும் பாத்துட்டீங்களா? அடுத்து எங்க, கடலோரம் போவமா?"

"புக்கிட் லிந்தாங் போகணும்ணே."

வண்டியை நகர்த்தாமல் என்னைத் திரும்பிப் பார்த்தார். "அங்க என்னா இருக்கு?"

"ரப்பரு மொதமொதல்ல அங்கதாண்ணே போட்டாங்க."

"அதுவா" என்று சொல்லிவிட்டு கியரைப் போட்டார். "சின்ன வயசுலேர்ந்து அந்தப் பக்கந்தான் சுத்துறேன். ஒரு ஆளு அதப் பாக்கணும்னு சொல்லி இன்னிக்குத்தான் கேக்குறேன்."

அந்த ஊர்ப் பெயரைத் தேடி ஒருவன் ஏன் போகவேண்டும் என்பதைச் சொல்லிவிடுகிறேன். அமேசான் காட்டு நடுவில் மனாவுஸ் என்று ஒரு நகரம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் உலகத்துக்கு வேண்டிய ரப்பர் பெரும்பாலும் அந்தக் காட்டிலிருந்துதான் வந்தது. அந்தப் பணத்தில் காட்டுக்கு நடுவே ஓர் ஓப்பரா மாளிகை கட்டினார்கள். குவிமாடத்தில் மட்டும் 36,000 வண்ண ஓடுகள். 1896 டிசம்பர் 31இல் அதைத் திறந்து வைத்தார்கள். ஆனால் அதற்கு இருபது வருடம் முன்பே, 1876இல், ஹென்றி விக்கம் என்ற ஆங்கிலேயர் தப்பாஜோஸ் ஆற்றுப் பக்கத்திலிருந்து சுமார் 70,000 ரப்பர் விதைகளை லண்டனின் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோயிருந்தார். பெரும்பகுதி முளைக்கவில்லை. முளைத்தவற்றில் 22 கன்றுகள் 1877இல் சிங்கப்பூர் வந்தன. 1888இல் சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவின் பொறுப்புக்கு வந்த ரிட்லி, மரத்தைச் சாகவிடாமல் பட்டையைச் சீவிப் பால் எடுக்கும் முறையைக் கண்டுபிடித்தார். பிறகு தோட்டக்காரர்களைப் பார்க்கும்போதெல்லாம் ரப்பர் போடுங்கள், ரப்பர் போடுங்கள் என்றார். 'பைத்தியக்கார ரிட்லி' என்று பெயர் வாங்கினாரே தவிர, கேட்பவர் அதிகம் இல்லை.

கேட்டவர் மலாக்காக்காரர் ஒருவர். தான் சே யான், பாபா சீனர். 1896இல் புக்கிட் லிந்தாங்கில் சுமார் 40 ஏக்கரில் ரப்பர் நட்டார். மலாயாவின் முதல் வணிக ரப்பர்த் தோட்டம். அடுத்த சில வருடங்களில் புக்கிட் அசகானில் ஆயிரக்கணக்கான ஏக்கர். மனாவுஸில் ஓப்பராவுக்கு விளக்கு ஏற்றிய அதே வருடத்தில்தான் அந்த விளக்கை அணைக்கப்போகும் கன்றை இங்கே மண்ணில் வைத்திருக்கிறார்கள். 1913 வாக்கில் ஆசியத் தோட்ட ரப்பர் பிரேசிலின் காட்டு ரப்பரை முந்திவிட்டது. மனாவுஸ் சரிந்தது. அங்கே கடனில் கட்டுண்டு மரம் சீவியவர்கள் காட்டோடு கிடந்தார்கள். இங்கே கங்காணியிடம் முன்பணம் வாங்கிய கடனோடு நாகப்பட்டினத்தில் கப்பலேறியவர்கள் நிரை நிரையாக மரத்தடியில் போய் நின்றார்கள். 1938இல் இந்திய அரசு ஆள் அனுப்புவதை நிறுத்தும் வரைக்கும் அது ஓயவில்லை. ஒரு மரம் கண்டம் மாறியதால்தான் என் தாத்தா ஊர் மாறினார். எனக்கு இருக்கும் ஒரே வம்ச வரலாறு அதுதான்.

அரை மணி நேர ஓட்டம். டவுன் முடிந்து வீடமைப்புப் பகுதிகள் வந்தன, அப்புறம் செம்பனை, மறுபடி வீடுகள். அண்ணன் பேசிக்கொண்டே ஓட்டினார். "நாங்க சின்னப் புள்ளைங்களா இருக்கும்போது மலாக்கா டவுனுக்கு எப்ப வருவோம் தெரியுமா? மாசி மகத்துக்கு. செங்ல சன்னாசிமலை கோயிலு. தோட்டத்து லாரியில ஏத்திட்டு வருவாங்க. ரதம் வரும், மாடு இழுத்துட்டு வரும். ராத்திரி பூரா திடல்லயே படுத்துக் கெடந்துட்டு காலையில பெரட்டுக்குத் திரும்பிடணும். நீங்க பாத்தீங்களே அந்தக் கோட்ட, அதெல்லாம் நாங்க பாத்ததே கெடையாது. லாரி அந்தப் பக்கம் நிக்காது."

"பள்ளியில கூட்டிட்டுப் போகலையாண்ணே?"

"போனாங்க. நமக்குக் காசு?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். ஐந்நூறு கிலோமீட்டர் தள்ளியிருந்த எனக்கும், முப்பது கிலோமீட்டர் தள்ளியிருந்த அவருக்கும் அந்த வாசல் ஒரே தூரத்தில்தான் இருந்திருக்கிறது.

புக்கிட் லிந்தாங்கில் தமிழ்ப்பள்ளி இருக்கிறது. வாசலில் இறங்கிப் பார்த்தோம், விடுமுறை, பூட்டிக் கிடந்தது. ரோட்டோரம் பார்த்த வரைக்கும் எல்லாம் செம்பனை. அண்ணன் ஒரு மண்பாதையில் வண்டியைத் திருப்பி, ஒரு கம்பத்து வீட்டின் பின்னால் நிறுத்தினார். ஏழெட்டு ரப்பர் மரங்கள், யாரோ ஒரு மலாய்க்காரரின் சிறு நிலம். 1896இன் மரங்கள் இல்லை. ஒரு ரப்பர் மரம் முப்பது வருடம்போல் பால் கொடுக்கும், அப்புறம் வெட்டி மறுநடவு போடுவார்கள். இவற்றுக்கும் பால் நின்று ரொம்ப நாள் ஆகியிருந்தது. பட்டையில் பழைய வெட்டுக்கோடுகள் தடித்துப்போயிருந்தன. ஒரு மரத்தின் கம்பியில் மங்கு இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது, உள்ளே மழைத்தண்ணீரும் ஒரு காய்ந்த இலையும்.

அண்ணன் மரத்தருகே போய் இடது கையைப் பட்டையில் வைத்து, வலது கையால் இல்லாத கத்தியைப் பிடித்து, மேலிருந்து கீழாகச் சாய்வாக ஒரு இழுப்பு இழுத்துக் காட்டினார். "அம்மாவுக்கு ஒரு நாளைக்கு ஐந்நூறு மரம். ஆழமா போனா மரத்துக்குக் காயம், தண்டல் சத்தம் போடுவாரு. மேலால போனா பால் வராது. காசு தாள் கனத்துக்கு சீவணும்." மங்கைக் கழற்றித் தண்ணீரைக் கொட்டிவிட்டு மறுபடி கம்பியிலேயே மாட்டினார். ஏன் மாட்டினார் என்று நான் கேட்கவில்லை.

காலையில் நான் நுழைந்த அருங்காட்சியக அறைகளில் மெழுகுப் பொம்மைகள் இருந்தன. சுல்தான், அட்மிரல், டச்சுக் கணக்கர், பாபா மணப்பெண், செட்டி மணமகன். வாளியும் கத்தியுமாக, நெற்றியில் விளக்குக் கட்டிய ஒரு பெண்பிள்ளையின் பொம்மை என் கண்ணில் படவில்லை. இந்த மாநிலத்தில் அப்படிப்பட்டவர்கள் எத்தனை பேர் எத்தனை விடியலில் எழுந்து போயிருப்பார்கள்.

எங்கள் ஆட்களிடம் ஒரு வாதம் உண்டு. யாராவது 'பெண்டாத்தாங்', வந்தேறி என்று சொன்னால் உடனே எடுத்து வீசுவோம். கெடாவில் என்றால் கடாரம், ராஜேந்திர சோழன், 1025, பூஜாங் பள்ளத்தாக்கு. மலாக்காவில் என்றால் நைனா சட்டு. போர்த்துகீசியர் வருவதற்கு முன்பே இங்கே தமிழ் வணிகர்களின் தலைவராக இருந்தவர், 1511க்குப் பின் பெண்டஹாரா பதவி பெற்றவர். "நாங்க அப்பவே மந்திரியா இருந்தவங்க!" பொய்யில்லாத வாதம்தான். ஆனால் அந்த நைனா சட்டு சிறைப்பட்ட போர்த்துகீசியருக்கு உதவி செய்து, அல்புகர்க் ஊரைப் பிடித்தபோது அவர்கள் பக்கம் நின்று அந்தப் பதவியைப் பெற்றவர். 1514இல் பதவியை வேறொருவருக்குக் கொடுக்க முடிவு செய்தபோது அவமானம் தாங்காமல் சந்தனக் கட்டைச் சிதை மூட்டி அதில் இறங்கினார் என்று போர்த்துகீசியர் எழுதி வைத்திருக்கிறார்கள். பெரிய மனிதர், பெரிய சாவு. கோட்டைக்குக் கல் சுமந்தவர்களில் யார் யார் இருந்தார்கள் என்பதை மட்டும் யாரும் எழுதி வைக்கவில்லை.

சந்தனக் கட்டை வாங்கமுடிந்தவர் எனக்கு எப்படி மூதாதை ஆவார்? மொழி ஒன்று, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இந்த நாட்டில் நான் இருப்பதற்கான சீட்டை அவர் பெயரில் வாங்கவேண்டிய அவசியம் என்ன? ஐந்நூறு வருடத்தைக் காட்டினால்தான் மரியாதை கிடைக்கும் என்றால், அந்தக் கணக்கை ஒத்துக்கொண்ட அந்த நிமிடமே நூறு வருடம் மரம் சீவிய என் பாட்டியை நானே வந்தேறி ஆக்கிவிடுகிறேன். பழைமை ஒரு தகுதி என்று வைத்தால் அந்தச் செட்டி வீட்டு மூதாட்டி எனக்கு முன்னால் வருவார், அவருக்கு முன்னால் பழங்குடிகள் வருவார்கள். வரிசை அப்படித்தான் போகும், அதில் தவறில்லை. வரிசையில் எங்கள் இடம் 1896க்குப் பக்கத்தில் இருக்கட்டும். அங்கிருந்து எண்ணினால் போதும்.

அந்த வரிசைக்குச் சொல்ல நிறைய இருக்கிறது. 1967இல் இதே ஜாசின் மாவட்டத்தின் புக்கிட் அசகான் தோட்டத் தொழிலாளர்கள், தங்கள் கோரிக்கையோடு கோலாலம்பூரை நோக்கி நடந்தே போனார்கள். தான் சே யான் போட்ட அதே அசகான். காலையிலிருந்து நான் நடந்த தூரத்தைப் போனில் பார்த்தேன். பதினோரு கிலோமீட்டர். அதற்கே குதிகால் வலித்தது. அவர்கள் நடந்த வழியை ஏதாவது பிரசுரத்தில் கோடு போட்டுக் காட்டினால் நான் அதையும் ஒரு நாள் சுற்றிப் பார்ப்பேன்.

அண்ணனிடம் அசகானைப் பற்றிக் கேட்டேன். "பெரியப்பா சொல்லுவாரு. நான் அப்பப் பொறக்கல" என்றார். பிறகு கொஞ்ச தூரம் பேசாமல் ஓட்டினார். ஜாசின் டவுனில் ஒரு கடை முன்னால் நிறுத்தி தேத்தண்ணி சொன்னார். அந்தி சாய்ந்திருந்தது. பக்கத்து மேசையில் நாலு பையன்கள் தமிழும் மலாயுமாகப் பந்தாட்டம் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"நாளைக்கும் இருக்கீங்கதானே தம்பி?"

"இருக்கேண்ணே. சாயங்காலம்தான் பஸ்ஸு."

"அப்ப காலையிலயே வந்துர்றேன். அம்மா வீட்டுக்குப் போவோம். எந்தத் தோட்டத்துல எத்தன லயம், எந்த வருசம் எந்தக் கோயிலு கட்டுனாங்க, யாரு யாரு தீம்பாரு விட்டுப் போனாங்க, எல்லாம் சொல்லும். எழுபத்தெட்டு வயசு, ஒண்ணும் மறக்கல." தேத்தண்ணியைத் தட்டில் ஊற்றி ஆற்றினார். "டிக்கெட்டெல்லாம் கெடையாது. ஆனா மதியம் சாப்புட்டுட்டுத்தான் போகணும்னு சொல்லும். அதுக்கு ரெடியா வாங்க."